கறுப்புச் சதுரம் போட்டவர்கள் எங்கே?

கேள்வி: கடலூர் முதுநகர் வாசகர், 16 ஜூன் 2023

"2020 ஜூன் மாதம், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் கொன்றதைக் கண்டித்து, என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் இன்ஸ்டாகிராமில் கறுப்புச் சதுரம் போட்டார்கள். இந்த வாரம் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பைப் பார்த்தேன். 'கறுப்பர் உயிரும் உயிரே' இயக்கத்துக்கு அன்று 67 விழுக்காடு ஆதரவு, இன்று 51. மூன்று ஆண்டில் இத்தனை பேர் நழுவினால் அன்று காட்டியதெல்லாம் நடிப்புதானே? இனநீதி இயக்கங்களுக்குப் பொதுமக்கள் தரும் ஆதரவில் உண்மை என்று ஏதாவது உண்டா? உண்டு என்பவர்கள் வாதாடுங்கள்."

17 ஜூன் 2023, காலை

நடிப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் யோசிக்கும் வேலை மிச்சம், தம்பி. அந்தக் கணக்கெடுப்பையே இன்னும் கொஞ்சம் கீழே வரை படித்திருக்கலாம். 67 என்பது மூன்று ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கரையவில்லை. 2020 செப்டம்பரிலேயே 55க்கு வந்துவிட்டது. மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் காவலர் முழங்காலை வைத்து ஒன்பது நிமிடத்துக்கு மேல் அழுத்திய காணொளியின் சூடு மூன்று மாதம்தான் தாங்கியது.

நழுவியவர்கள் யார் என்பதும் அதிலேயே இருக்கிறது. வெள்ளையரில் ஆதரவு 60இலிருந்து 42க்கு இறங்கியது. கறுப்பினத்தவரில் 86 இருந்தது, 81 ஆனது. இரவில் காரோட்டிப் போன பிள்ளை முழுசாக வீடு திரும்புவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எங்கும் போகவில்லை. மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

போனவர்கள் நடித்தவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு மாதத்தில் அமெரிக்காவில் ஒன்றரைக் கோடி முதல் இரண்டரைக் கோடிக்கு மேல் வரை மக்கள் தெருவில் இறங்கியிருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கொரோனாக் காலம். கண்ணீர்ப்புகை வேறு. நடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளிருந்தே நடித்திருக்கலாம். அதற்குத்தான் சதுரம் இருந்ததே.

சாவு வீட்டுக்கு வரும் அடுத்த தெரு அத்தையை நினைத்துப் பார். மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. ஆனால் பதினாறாம் நாள் முடிந்து, விதவையின் பங்கைக் கொழுந்தன்மார் அமுக்கப் பார்க்கும்போது சாட்சி சொல்லக் கூப்பிட்டால் அத்தைக்கு அன்றைக்கென்று முழங்கால் வலி வந்துவிடும்.

17 ஜூன், இரவு

நெய்வேலி நண்பர் "2020இல் முளைத்து 2020இலேயே முடிந்த இயக்கம்" என்கிறார். அது 2013இல் தொடங்கியது. டிரேவோன் மார்ட்டின் என்ற கறுப்பினச் சிறுவனைச் சுட்டவர் விடுதலையானபோது மூன்று பெண்கள் தொடங்கிய முழக்கம் அது. 2014இல் ஃபெர்குசன் நகரம் பற்றி எரிந்தபோதே உலகம் கேட்டது. நம் ஊருக்கு வந்து சேர ஆறேழு ஆண்டு ஆயிற்று.

19 ஜூன்

"மக்கள் ஆதரவு" என்ற சரக்கின் பழைய விலையையும் பார்த்துவிடுவோம். 1961இல் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், நிறப் பிரிவினையை எதிர்த்துத் தெற்கு மாநிலங்களுக்குப் பஸ்ஸில் போய் அடி வாங்கிய சுதந்திரப் பயணிகளைப் பற்றி அமெரிக்கர்களிடம் கேட்டது. 61 விழுக்காட்டினர் அது சரியில்லை என்றார்கள். 1966இல் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிக் கேட்டபோது 63 விழுக்காட்டினருக்கு அவர்மீது நல்லெண்ணம் இல்லை. 2011இல் அதே நிறுவனம் கேட்டது. 94 விழுக்காட்டினர் அவரைப் பாராட்டினார்கள். உயிரோடு இருந்தபோது சிகாகோவில் வீட்டு வாடகைப் பாகுபாட்டை எதிர்த்து நடந்தவரை வெறுத்தார்கள். சிலையாகி நின்றவரை வணங்குகிறார்கள். சிலை வாடகைக்கு வீடு கேட்காது.

அலபாமா மாநிலத்துச் செல்மா வாக்குரிமைப் போராட்டத்தில் நடந்ததும் பதிவாக வேண்டும். 1965 பிப்ரவரியில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற கறுப்பு இளைஞரை மாநிலக் காவலர் சுட்டார், அவர் இறந்தார். நாடு அசையவில்லை. மார்ச் மாதம் ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளைப் பாதிரியார் அதே இயக்கத்துக்காக வந்து அடிபட்டு இறந்தார். குடியரசுத் தலைவர் ஜான்சன் அவர் மனைவிக்குத் தொலைபேசியில் பேசினார். பல நகரங்களில் ஊர்வலங்கள் நடந்தன. அதே மாதக் கடைசியில் வயோலா லியூசோ கொல்லப்பட்டார். டெட்ராய்ட்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்த வெள்ளைப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய். ஒரு பெண்கள் பத்திரிகை தன் வாசகிகளைக் கேட்டபோது பாதிக்கு மேற்பட்டவர்கள், அவள் குழந்தைகளோடு வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆதரவு தெரிவிப்பவரைப் பிடிக்கும். ஆதரவை எடுத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகிறவரைப் பிடிப்பதில்லை.

20 ஜூன்

லாஸ்பேட்டைக்காரர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். 2020இல் கறுப்புச் சதுரம் போட்ட ஒரு தங்கும் விடுதியின் பக்கம். அந்தச் சதுரத்துக்கு முந்தைய பதிவு: "ஒயிட் டவுனில் ஒரு வெள்ளைக்காரர்போல் வாழ்ந்து பாருங்கள்."

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரன் கோடு போட்டான். அவன் போய்விட்டான். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் முடிந்தது. கோட்டை மட்டும் நாம் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறோம். மஞ்சள் சுவர் ஓரம் நின்று படமெடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் வாய்க்காலுக்கு மேற்கே வாழ்கிறவர்கள்தான் அதிகம். நானும் எடுத்திருக்கிறேன். படம் நன்றாகத்தான் வந்தது.

23 ஜூன்

இந்த வாரத்தை எப்படிக் கடப்பது? 2020இல் இதே நாட்களில் சாத்தான்குளம். செல்பேசிக் கடையை நேரம் கடந்து திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி மகன் பென்னிக்ஸ் இறந்தார், 23ஆம் தேதி தந்தை ஜெயராஜ். ஃபிளாய்டுக்காகச் சதுரம் போட்ட அதே கைகள் "இந்தியாவின் ஜார்ஜ் ஃபிளாய்டுகள்" என்று எழுதின. அந்தக் கோபமும் பொய் இல்லை. எங்கள் தெருவில் காவல்துறைக்காரர் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களே பேசக் கூசினார்கள்.

அதே ஜூன் 25 அன்று, 1975 முதல் விற்ற சிவப்பழகுப் பசையின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிடுவதாக இந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. திருமணத் தளம் ஒன்று நிறத்தைப் பொறுத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. பசை இன்னும் விற்கிறது. பெயர் மாறிய பிறகும் என் அக்கா மகளின் மேசைமேல் அதே குழாய்தான் இருந்தது. ஜாதகம் பார்க்க வந்தவர்கள் நிறத்தைக் காகிதத்தில் எழுதாமல் வாயால் கேட்டார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

இப்போது கடலூர் மாவட்டத்துக்கு வருகிறேன், தம்பி, உன் மாவட்டம். புவனகிரி பக்கம் தெற்குத்திட்டை. ஊராட்சித் தலைவி பட்டியலினத்தவர். கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், தலைவி தரையில். அந்தப் படம் வெளியே வந்தது 2020 அக்டோபரில். சதுரம் போட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வழக்கு பதிவானது. உன் நண்பர்களில் எத்தனை பேர் அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள்? கடலூரிலிருந்து பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

என் கருத்து இதுதான், ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்: அநியாயம் நடந்த இடம் எவ்வளவு தொலைவோ, அவ்வளவு கலப்பில்லாமல் நம் இரக்கம் ஊறுகிறது. மினியாபொலிஸில் நமக்கு மச்சான் இல்லை, வாய்க்கால் தகராறு இல்லை, ஓட்டு இல்லை. தெற்குத்திட்டையில் எல்லாம் இருக்கிறது.

25 ஜூன்

எதிர்பார்த்த பதில் வந்துவிட்டது: "சாதி வேறு, இனம் வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்." எழுதியவர் விருத்தாசலத்துக்காரர், படித்தவர்.

வேறுதான். அமெரிக்காவில் ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்; இங்கே ஊர்ப் பெயரைக் கேட்டு, தெருப் பெயரைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம்மவர்கள் சலிக்காமல் கேட்கிறார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வதில் தயங்கவில்லை. 1946இல் அம்பேத்கர் அமெரிக்க அறிஞர் டூ போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஆதரவுச் செய்தி கேட்டு எழுதவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். 1959இல் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் அவரை "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர்" என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்து ஆமாம் என்று ஏற்றுக்கொண்டேன் என்று அவரே பின்னால் பேசியிருக்கிறார். அந்த மாணவர்களுக்கு விளங்கியது விருத்தாசலத்துக்காரருக்கு விளங்கவில்லை என்றால் விளக்கிப் பயனில்லை.

விருத்தாசலம் என்றதும் புதுக்கூரைப்பேட்டை நினைவுக்கு வருகிறது. சாதி மாறி மணந்ததற்காகக் கண்ணகியும் முருகேசனும் 2003 ஜூலையில் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். பதினெட்டு ஆண்டு. 13 பேருக்குத் தண்டனை, அதில் காவல்துறையினரும் உண்டு. ஃபிளாய்டைக் கொன்ற காவலர் டெரிக் ஷோவின் குற்றவாளி என்ற தீர்ப்பு பதினொரு மாதத்தில் வந்தது. அன்று புதுச்சேரியில் எனக்கு வந்த வாழ்த்துச் செய்திகளை எண்ணவில்லை, நிறைய. கடலூர்த் தீர்ப்பன்று வந்தது, பால் பாக்கெட் விலை பற்றி ஒரு செய்தி.

26 ஜூன்

வடலூர் ஆசிரியை எழுதியிருப்பது நியாயமான கண்டிப்பு. "நீங்கள் ஒப்பிட்டு ஒப்பிட்டு, தொலைவில் இருப்பவருக்காக அழுவதையே குற்றமாக்குகிறீர்கள். பட்டியலினத்தவர் நுழைவதைத் தடுத்த தகராறில் மேல்பாதி கோயிலை இம்மாதம் 7ஆம் தேதி பூட்டிச் சீல் வைத்தார்கள். என் வகுப்பில் அதைப் பற்றி முதலில் கேட்ட பெண், 2020இல் சுவரொட்டியில் ஃபிளாய்ட் படம் வரைந்தவள்தான்."

இதை எடுத்துக்கொள்கிறேன். தொலைவில் பழகிய கண் சில பேருக்கு அருகிலும் வேலை செய்கிறது. எத்தனை பேருக்கு என்பதில்தான் எனக்கும் அந்த அம்மையாருக்கும் தகராறு.

30 ஜூன்

பாரிஸ் பக்கம் நான்தேரில் 17 வயது நாஹேலைக் காரில் வைத்துக் காவலர் சுட்டுக் கொன்றதைப் பார்த்திருப்பீர்கள். 27ஆம் தேதி. கார் காவலர்மேல் ஏற வந்தது என்றுதான் முதலில் சொன்னார்கள். காணொளி வந்த பிறகு கதை நின்றது. ஃபிளாய்ட் இறந்தபோதும் மினியாபொலிஸ் காவல்துறை முதலில் 'மருத்துவ நிகழ்வு' என்றுதான் அறிக்கை விட்டது.

பாதிப் புதுச்சேரிக்கு அங்கே சொந்தம் இருக்கிறது. எனக்கு அக்கா மகன் ஒருவன், பாரிஸ் புறநகரில் வங்கி வேலை. ராணுவப் பென்ஷன்காரப் பாட்டனின் வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. தெருவில் கார் எரிகிறது, பஸ் ஓடவில்லை என்று நேற்று இரவு பேசினான். பேச்சுக்கு நடுவில் வழக்கமான வசனம் வந்தது: "நாம் அவர்களைப்போல இல்லை, மாமா. நாம் அமைதியானவர்கள். போலீஸ் நம்மை ஒன்றும் செய்யாது."

பிறகு ஏன் குப்பை போடக் கீழே போகும்போதும் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறாய் என்றேன். போன தடவை இங்கே வந்தபோதுகூடக் கடற்கரைக்கு நடக்கப் போகையில் பையைத் தட்டிப் பார்த்தான், பழக்கம். பிரான்சின் உரிமைக் காப்பாளர் அலுவலகம் 2017இல் சொன்னது: கறுப்பர் அல்லது அரபியர் என்று தோன்றும் இளைஞர்களைக் காவலர் நிறுத்திச் சோதிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருபது மடங்கு. எங்கள் பையன் நல்ல மாநிறம். இருட்டில் காவலர் புதுச்சேரிப் பிறப்புச் சான்றிதழையா பார்க்கப்போகிறார்?

2020 ஜூன் 2 அன்று, காவலர் பிடியில் இறந்த கறுப்பின இளைஞர் அதமா திராவோரேக்கு நீதி கேட்டுப் பாரிஸ் நீதிமன்றத்தின் முன் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கூடினார்கள். இவன் போகவில்லை. இவனுடைய மேலாளர், பிரான்சின் பிரித்தானிப் பக்கத்து வெள்ளைப் பெண், போனாள். அவள் ஆதரவு உண்மையா என்று தம்பி கேட்பதைவிட, என் மருமகன் ஏன் போகவில்லை என்று கேட்டால் பதில் நீளமாக வரும்.

5 ஜூலை

நாஹேலைச் சுட்ட காவலரின் குடும்பத்துக்காக ஒருவர் நிதி திரட்டத் தொடங்கினார். சில நாட்களில் 16 லட்சம் யூரோவைத் தாண்டியது, நேற்று மூடினார்கள். பிள்ளையை இழந்த தாய்க்குத் திரண்டது அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கணக்கெடுப்பில் எத்தனை பேர் எதைச் சொன்னாலும் பணப்பையைத் திறந்தவர்கள் இவர்கள். எதிர்ப் பக்கத்தின் மனத்தூய்மையை யாருமே சந்தேகிப்பதில்லை என்பதைக் கவனித்தீர்களா?

9 ஜூலை

கொஞ்சம் தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை.

"ஆப்பிரிக்கர்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு" என்று ஒருவர் கேட்டிருந்தார். புதுச்சேரியில் நெய்து அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத் துணிக்குக் 'கினே' என்று பெயர். அது மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. செனகல் ஆற்றங்கரையில் அது பணத்துக்குப் பதிலாகவே புழங்கியது. பிசினுக்கும் அதுதான் விலை, அடிமைகளை வாங்கவும் அதுதான் விலை. நம் தறிக்காரர்களுக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கூலி வந்தது.

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டக்காரர்கள், விடுதலையான கறுப்பர்கள் நல்ல கூலி கேட்கிறார்கள் என்று எரிச்சல்பட்டு, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1853இல் ஒரேலி என்ற கப்பல் கரீபியன் தீவான மார்த்தினிக்கில் போய் நின்றது. அடுத்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்னொரு தீவான குவாதலூப்பில். கறுப்பரின் கூலியைக் குறைக்கக் கொண்டுபோகப்பட்டவர்கள் நம்மவர்கள். கரும்புக் காட்டில் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கரித்துக்கொட்டியதில் வியப்பில்லை.

குவாதலூப்பில் இந்தியர்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடியவர் ஆன்ரி சிதம்பரம். ஆம், நம் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம்தான் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பது ஆண்டு ஒரே வழக்கு. அந்தத் தீவிலும் நல்லெண்ணச் செய்திகள் வந்திருக்கும். வழக்குச் செலவை யார் ஏற்றார்கள் என்பதைத்தான் நான் படிக்க விரும்புவேன்.

13 ஜூலை

"ஊரையே குறை சொல்கிறீர்கள், உங்கள் வீட்டுக் கதை என்ன" என்று முதுநகர்த் தம்பி சீண்டியிருக்கிறார். சொல்கிறேன்.

காலாப்பட்டில் எங்கள் அப்பா கட்டிய வீட்டின் மாடிப் பகுதி காலியாக இருக்கிறது. எனக்கும் என் தம்பிக்கும் பொது. வாடகை விவகாரம் அவன் பொறுப்பு. போன மாதம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர் ஒருவர், தமிழ் நண்பனைக் கூட்டிக்கொண்டு வீடு கேட்டு வந்தார். நான் தாழ்வாரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி வாசல் கதவைப் பாதி திறந்து, மோட்டார் பழுது, தண்ணீர் ஏறவில்லை, சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும் என்று அந்த நண்பனிடம் சொன்னான். மாணவரைப் பார்க்கவே இல்லை.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் தெருவரை கேட்கும். மாணவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். தொட்டி நிறைந்து, வழிகுழாயிலிருந்து தண்ணீர் குரோட்டன்ஸ் தொட்டிமேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தெளிவான தமிழில் சொன்னார்: "ஐயா, தண்ணீர் வீணாகிறது. மோட்டாரை நிறுத்துங்கள்."

நான் எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு வருவதற்குள் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

என் தம்பி கெட்டவன் இல்லை. 2020இல் அவன் பக்கத்திலும் சதுரம் இருந்தது, காணொளியைப் பார்த்துச் சோறு இறங்கவில்லை என்று மெய்யாகவே படுத்துக்கிடந்தான். அன்றிரவு கேட்டேன். "எனக்கு ஒன்றும் இல்லை அண்ணா. தெருவில் பேசுவார்கள்." தெருவில் யார் பேசுவார்கள் என்று பெயர் கேட்டேன். ஒரு பெயரும் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரர், அவருக்கும் ஒன்றும் இல்லையாம். எங்கள் வீட்டில் என்ன நினைப்போமோ என்றுதான் அவரும் தயங்குகிறாராம். தெரு முழுக்க யாருக்கும் ஒன்றும் இல்லை.

14 ஜூலை

மாணவருக்கு வீடு கொடுக்காததை "இனவெறி இல்லை, எச்சரிக்கை" என்று ஒருவர் திருத்துகிறார். எச்சரிக்கை என்றால் முன்பணமும் இரண்டு பேர் பரிந்துரையும் கேட்பது. அவை கேட்கப்படவே இல்லை.

21 ஜூலை

மணிப்பூரில் பெண்களை நிர்வாணமாக்கி இழுத்துப்போன காணொளியைப் பார்த்திருப்பீர்கள். நடந்தது மே 4. நாடு கொதித்தது ஜூலை 19. இடையில் இரண்டரை மாதம் செய்தி இல்லாமல் இல்லை, படம் இல்லை. ஃபிளாய்ட் விஷயத்திலும் 17 வயதுப் பெண் ஒருத்தி கை நடுங்காமல் முழுவதையும் எடுத்திராவிட்டால் 'மருத்துவ நிகழ்வு' என்ற அறிக்கைதான் நின்றிருக்கும். மக்கள் ஆதரவு காணொளிக்குக் கிடைக்கிறது. படம் எடுக்கப்படாத கழுத்துகளுக்கு அந்த 67இல் இடமில்லை.

24 ஜூலை

கறுப்பு ஜூலைக்கு நேற்று நாற்பது ஆண்டு. 1983இல் பள்ளியில் சட்டைமேல் கறுப்புத் துணியைக் குண்டூசியால் குத்திக்கொண்டு போனோம். கொழும்பில் எரிக்கப்பட்டவர்கள் நம் மொழிக்காரர்கள் என்பதால் எங்கள் ஆசிரியர்கள் வகுப்பிலேயே அழுதார்கள். அதைச் சந்தேகிக்கிறவன் அந்த நாட்களைப் பார்த்திருக்க மாட்டான்.

1991 மே மாதத்துக்குப் பிறகு அதே தமிழர்கள் வாடகைக்கு வீடு கேட்டபோது கதவுகள் எப்படிச் சாத்தப்பட்டன என்பதையும் பார்த்தோம். காலாப்பட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் கீழ்ப்புத்துப்பட்டு முகாம். இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே பிள்ளை பெற்றவர்களும் அங்கே இருக்கிறார்கள், இன்னும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்கள் இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. வீடுகள் கட்டுகிறார்கள், அது நல்ல காரியம். கறுப்புத் துணி குத்திய என் வகுப்புத் தோழர்களில் ஒருவர்கூட அந்த முகாமுக்குள் போனதில்லை என்று துணிந்து சொல்வேன், ஏனென்றால் கேட்டேன்.

ஆகவே தொலைவு என்று நான் ஜூனில் எழுதியதில் ஒரு திருகல் சேர்க்க வேண்டியிருக்கிறது. கடல் தாண்டி இருந்தவரை உறவு. கரையேறி வந்ததும் அகதி. ஆள் மாறவில்லை.

29 ஜூலை

வடலூர் ஆசிரியைக்குத் தாமதமான பதில். உண்மை இல்லாத ஆதரவாலும் காரியம் நடக்கிறது என்கிறீர்கள். அது எனக்குப் பிடிக்காத உண்மை, ஆனாலும் உண்மைதான். லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தில் முதல் இருபது ஆண்டுகள் கறுப்பினத்தவர் உரிமைக்கான ஒவ்வொரு சட்டத்தையும் எதிர்த்து வாக்களித்தவர். 1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டதும் அவர்தான். அதற்கு முன்பே, பள்ளிகளில் நிறப் பிரிவினை பற்றிய வழக்கில் அமெரிக்க அரசு 1952இல் நீதிமன்றத்தில் கொடுத்த மனு, இந்தப் பாகுபாடு வெளிநாடுகளில் நம் பெயரைக் கெடுக்கிறது, கம்யூனிஸ்டுகளுக்குப் பிரசாரமாகிறது என்று வாதாடியது. குழந்தைகளுக்காக இரங்கியதைவிட மாஸ்கோவுக்கு அஞ்சியது அதிகம். 1954இல் தீர்ப்பு வந்தது. பள்ளிக்குள் போன சிறுமிக்கு அரசு யாருக்குப் பயந்தது என்பதால் என்ன குறைந்துவிட்டது?

மறுபக்கமும் உண்டு. 2020 ஜூன் 2 அன்று குவிந்த இரண்டு கோடியே எண்பது லட்சம் சதுரங்களில் பல, இயக்கத்தின் பெயரையே குறிச்சொல்லாகப் போட்டிருந்தன. விளைவு, கூட்டம் எங்கே, வழக்கறிஞர் எண் எது என்று அதே குறிச்சொல்லில் தேடியவர்களுக்கு வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள்தான் கிடைத்தன. அதைப் போட வேண்டாம் என்று களத்தில் இருந்தவர்களே கெஞ்சினார்கள். கலப்பில்லாத மனத்தோடு செய்த இடைஞ்சல்.

நெஞ்சைப் பிளந்து பார்க்கும் வேலையை நான் விட்டுவிடத் தயார். தம்பி விடுவாரா தெரியவில்லை.

6 ஆகஸ்ட்

வீடு என்னாயிற்று என்று தினம் ஒருவர் கேட்கிறீர்கள். மாடிப் பகுதி போயிற்று. ஒரு வங்கி ஊழியர் குடும்பம், நம்மவர்கள், தெருவில் யாரும் பேசவில்லை. அவர்களுடைய நாய் இரவு முழுவதும் குரைக்கிறது. என் தம்பி பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு படுக்கிறான்.

அந்த மாணவருக்குக் கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் வீட்டில் இடம் கிடைத்திருக்கிறது. என் எண்ணை எப்படியோ பிடித்து நேற்று வந்தார். பிரான்சில் ஓராண்டு ஆய்வுக்கு விண்ணப்பிக்கிறார், சான்றிதழ்களைப் பிரெஞ்சில் பெயர்க்க வேண்டும். அதுதானே என் பிழைப்பு. வழக்கமான கட்டணம் சொன்னேன். பக்கத்துக்கு ஐம்பது ரூபாய் குறைக்கும்படி பேரம் பேசினார், நான் முப்பது ரூபாய் குறைத்தேன். வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன், மூன்று பக்கம் இன்னும் பாக்கி. ஆகவே விருத்தாசலத்துக்காரரின் புதிய கடிதத்துக்குப் பதில் வெள்ளிக்கிழமைக்கு மேல்தான்.